நாலாம் அறை வழியாக மாதா

பிரேசிலில், அமேசான் ஆற்று வாயில் இருக்கும் எங்கள் பெலேமில் கடிகாரத்தை நம்பி யாரும் நேரம் சொல்வதில்லை. தினமும் பிற்பகல் பெய்யும் மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால், அவ்வளவுதான். பல் பிடுங்குவதும் மழைக்குப் பின்னால், விவாகரத்துப் பேச்சும் மழைக்குப் பின்னால். ஆகவே எங்கள் அரசு மருத்துவமனையின் நிரந்தரப் பூஞ்சைக் கண்காணிப்புக் குழுவும் மழைக்குப் பின்னால்தான் கூடியது. பெட்டிக்குள் வைத்த செருப்பு பாசி பிடிக்கும், காலையில் வாங்கிய ரொட்டி அடுத்த நாள் பச்சைத் தாடி வளர்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், அந்தக் குழு பிறந்த நாளிலிருந்து ஒரு பூஞ்சையைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 'பூஞ்சை இல்லை' என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

இந்தச் சாதனையில் ஜுராந்திருக்கும் பங்கு உண்டு. ஆய்வகத்தில் உயிரியலாளர், குழுவுக்குச் செயலாளர். அதாவது, தட்டைத் தூக்குகிறவர். ஐம்பதைத் தாண்டியவர்; தொப்பை அவருக்கு அரை அடி முன்னாலேயே அறைக்குள் நுழைந்துவிடும். தைரியம் மட்டும் அரை அடி பின்னால் வரும்.

தட்டு என்றால் உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் வட்டு, உள்ளே பூஞ்சைக்குத் தீனியாகக் கூழ். ஓர் அறையில் திறந்து வைத்தால் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் கூழின் மேல் இறங்கும். வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எளிய வேலை. அதில் மரியாதை போதவில்லை என்று குழுவுக்குத் தோன்றியது.

அதனால் முதலில் அறைக்கு அறிவிப்புப் போகும். அறிவிப்பு கிடைத்ததும் அறையைக் குளோரின் போட்டுக் கழுவுவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், ஏசியை நிறுத்துவார்கள். பிறகு குழு வரிசையாக உள்ளே வரும். ஜுராந்திர் தட்டை நெற்றி உயரத்துக்குத் தூக்குவார். அந்தக் கணமே அங்கிருக்கும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மூச்சு காற்றைக் கலக்கி முடிவைக் கெடுத்துவிடும் என்பது இயக்குநர் டாக்டர் எர்குலானோவின் கோட்பாடு. மூடி திறக்கும், மூடும். இயக்குநர் "நன்றி" என்பார். எல்லாரும் மூச்சு விடுவார்கள். அதன் பிறகு முடிவு வரும்வரை ஒரு வாரத்துக்கு அந்த வாசலில் சிவப்பு நாடா. ஒருவரும் தாண்டக் கூடாது. மருத்துவமனை முழுக்க இது எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், ஜுராந்திர் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே வழியில் இரண்டு பேர் கன்னம் உப்ப நின்றுவிடுவார்கள்.

இப்படி எல்லாம் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், எலும்பு மஜ்ஜை மாற்று வார்டின் தலைமைச் செவிலி சுலெய்டி அவரைக் கையைப் பிடித்து நாலாம் அறைக்கு இழுத்துப்போய்க் கூரையில் படர்ந்த ஈரக்கறையைக் காட்டினாள்.

"இது என்ன மாதிரி தெரியுது உங்களுக்கு?"

"மராஜோ தீவு மாதிரி."

"போன வாரம்தான் தீவு. இப்ப கண்டம். இதுக்குக் கீழதான் தொமிங்காஸ் அக்காவைப் படுக்க வைக்கப் போறாங்க."

தொமிங்காஸை ஜுராந்திருக்கு இருபது வருடமாகத் தெரியும். மருத்துவமனை வாசலுக்கு எதிரே மாமர நிழலில் தக்காக்கா விற்றவள். சுரைக்குடுவையில் சூடாக மரவள்ளிச் சாறு, இறால், நாக்கை மரக்கச் செய்யும் ஜம்புக் கீரை. குழுக் கூட்டத்துக்குப் போகும் முன் ஜுராந்திர் எப்போதும் ஒரு குடுவை குடிப்பார்; நாக்கு மரத்திருந்தால் எதையும் எதிர்த்துப் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். இப்போது அவளுக்கு ரத்தப் புற்று. மராஜோவிலிருந்து அவள் தம்பி படகேறி வந்து மஜ்ஜை கொடுப்பதாக ஏற்பாடு.

"மருந்து குடுத்து அவங்க ரத்தத்துல வெள்ளை அணு ஒண்ணு விடாம துடைச்சுட்டுத்தான் தம்பியோடதை ஏத்துவாங்க," என்றாள் சுலெய்டி. "அந்த நேரத்துல, நாம சாதாரணமா இழுத்து வெளிய விடுற பூசணம் அவங்க நுரையீரல்ல குடித்தனம் பண்ணிடும். தெரியும்ல?"

"தெரியும்," என்றார் ஜுராந்திர். தெரிந்துகொண்டே சும்மா இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

ஆனாலும் அன்று என்னவோ வந்துவிட்டது. அறிவிப்பில்லாமல், குளோரின் இல்லாமல், யாரும் மூச்சடக்காமல், தீவுக்கு நேர் கீழே ஒரு தட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தபோது கூழின் மேல் புகைப்பச்சையில் கம்பளம் விரித்திருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ், சுலெய்டி சொன்ன அந்த நுரையீரல் பூஞ்சை. அவர் பரீட்சையில் எழுதிய பெயர், நேரில் இவ்வளவு செழிப்பாகப் பார்த்ததில்லை.

தட்டைக் குழுவுக்குக் கொண்டுபோனார். காபியும் குபுவாசுப் பழ இனிப்பும் சுற்றி வந்து முடிந்தபின், டாக்டர் எர்குலானோ தட்டைக் கையில் வாங்காமல், தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார்.

"வார்டுக்கு அறிவிப்பு குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். சும்மா…"

"சும்மா." இயக்குநர் அந்தச் சொல்லை எல்லாருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். "அறிவிப்பில்லாம வெச்ச தட்டுல அறிவிப்பில்லாம வந்த பூஞ்சை. இதுக்குப் பேரு கண்காணிப்பு இல்ல ஜுராந்திர், ஒட்டுக்கேக்கறது. சரி, இது நம்ம ஆஸ்பத்திரியில பொறந்ததுன்னு என்ன ஆதாரம்? உள்நோயாளிப் பூஞ்சையா, வெளிநோயாளிப் பூஞ்சையா?"

"கூரை ஒழுகுது டாக்டர். ஈரத்துல…"

"கூரைல ஓட்டை இருந்தா அது பொறியியல் துறை. ஈரம் இருந்தா வானிலைத் துறை. பூஞ்சை இருந்தா மட்டும்தான் நாம. நம்ம கிட்ட இது வரைக்கும் பூஞ்சை கிடையாது. அதனாலதான் நாம இருக்கோம்."

கைதட்டினார்கள். ஜுராந்திரும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது தன் கை தானாகச் சேர்ந்துகொள்ளும் என்பது அவருக்கு வெகுநாளாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று அந்தக் கைகளை மேஜைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டார்.

குழு அத்தோடு விட்டுவிடவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, கழுவி, மூச்சடக்கி, நாலாம் அறையில் மறுபடி தட்டு வைத்தார்கள். சுத்தம். தீவின் மேல் வெள்ளை அடித்தார்கள். மூன்றாம் மழைக்குத் தீவு வெள்ளையைத் தாண்டி எழுந்து வந்தது, இந்த முறை ஆறுகளோடு. துணைக்குழு ஒன்று குடை பிடித்துக்கொண்டு அறைக்குள் நின்று நேரில் ஆராய்ந்தது. குடை மேல் சொட்டியது. 'துணைக்குழுவின் தலையில் எதுவும் விழவில்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள். கடைசியில் அந்தக் கறையை 'காலநிலை அடையாளம்' என்று பெயர் மாற்றித் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை அழகான கையெழுத்தில் எழுதியவர் ஜுராந்திர்.

"பேர் வெச்சுட்டீங்களா?" என்றாள் சுலெய்டி. "ஞானஸ்நானம் எப்ப?"

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. அக்டோபர் பெருவிழாவுக்கு முன்னால் நசரே மாதாவின் யாத்திரை உருவம் ஊரெல்லாம் போய்வரும் அல்லவா, கடைகள், பள்ளிகள், காவல் நிலையங்கள், எல்லா இடத்துக்கும். இந்த வருடம் எங்கள் மருத்துவமனைக்கும் வருகிறாள்.

அன்று மாலையே கட்டடத்துக்கு உயிர் வந்தது. எத்தனையோ மனுக்களுக்கு அசையாத லிஃப்ட் மாதாவுக்காக ஏறி இறங்கியது. முன்வாசலில் வருடக்கணக்காக ஒரு வாளி உட்கார்ந்திருந்த இடத்தில், வாளி போய்க் கூரை சரியானது. கொத்தனார்களும் பெயின்டர்களும் மாதா வரும் பாதையைச் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுக்கொண்டு, கோட்டின் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரம்வரை எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். கோட்டுக்கு அப்பால் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. பாதை வாசலில் தொடங்கி, சிற்றாலயத்தைச் சுற்றி, இயக்குநர் அறையில் முடிந்தது.

பொது வார்டில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்த தொமிங்காஸ், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் வாசல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜுரா தம்பி, மாதாவுக்கு நடக்கப் பிடிக்கும்ல?"

"ரொம்ப பிடிக்கும் அக்கா."

"அப்ப நாலாம் ரூம் வழியா ஒரு சுத்து சுத்திட்டுப் போகச் சொல்லேன். என் தலைமேல சொட்டறது நிக்கும். நீயும் உன் தட்டும் இருபது வருஷமா பண்ணாததை அவ ஒரு நடையில பண்ணிருவா."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆய்வகத்துக்குத் திரும்பும் வழியில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ஜுராந்திர், தக்காக்கா குடிக்காத நாக்கோடு, கையைத் தூக்கினார். "மஜ்ஜை வார்டு நோயாளிங்க மாதாவைப் பார்க்க ஆசைப்படறாங்க. நாலாம் ரூம் வரைக்கும் வந்தா…"

பெலேமில் இதற்கு முடியாது என்று சொல்லும் வாய் இன்னும் பிறக்கவில்லை. டாக்டர் எர்குலானோ கண்ணாடியைக் கழற்றினார். அவர் அழுதார். நிர்வாகத்தார் அழுதார்கள். தகவல் தொடர்புத் துறை அவர் அழுவதைப் படம் எடுத்தது. ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாளே சுண்ணாம்புக் கோடு வளைந்து மஜ்ஜை வார்டுக்குள் நுழைந்தது. ஓடு மாற்றினார்கள், பொய்க்கூரையைப் பிய்த்துப் புதிது போட்டார்கள். பிய்த்த இடத்தில் மேற்பக்கம் ஒரு தோட்டமே இருந்ததைப் பொறியாளர் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல மூட்டை கட்டச் சொன்னார். ஏசிக்குப் புது வடிகட்டி. தூசு அடங்கியதும் ஜுராந்திர் அறிவிப்பில்லாமல் ஒரு தட்டு வைத்துப் பார்த்தார். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் கூழ் பளிங்கு மாதிரி இருந்தது. இந்த முறை நிஜமாகவே. சுலெய்டி அவர் கன்னத்தைக் கிள்ளினாள். தொமிங்காஸ் நாலாம் அறைக்குப் போனாள். மருந்து ஏறியது, வெள்ளை அணுக்கள் துடைபட்டுப் போயின, தம்பி படகிலிருந்து இறங்கி மஜ்ஜையைக் கொடுத்தான். இனி அது வேர்பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜுராந்திர் தன்னைப் பெரிய தந்திரசாலி என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் கண்ணாடி முன் நின்று தொப்பையை உள்ளே இழுத்துப் பார்த்தார். மாதா வருகிற நாள் காலைவரை இந்த நிலை நீடித்தது.

அன்று காலை சுலெய்டி ஆய்வகத்துக்கே வந்தாள். "கீழ போய்ப் பல்லக்கைப் பார்த்தீங்களா?"

பார்த்தார். மாதா கைக்குள் அடங்கும் சிறிய உருவம். ஆனால் அவளுக்காக மருத்துவமனை செய்த பல்லக்கு நான்கு பேர் தூக்கும் அளவு. ஈரப் பாசியில் செருகிய ரோஜா, லில்லி, காட்டுப் பெரணி, மண்ணோடு பிடுங்கி வைத்த ஆர்க்கிட்கள். மேலே தூவுவதற்குக் கூடைகூடையாக உதிர்பூ. பக்கத்தில் இசைக்குழு. பின்னால் வெறுங்காலில் வரிசை கட்டும் கூட்டம்.

தோலோடு ஒரு ஆரஞ்சுப் பழம்கூட உள்ளே விடாத வார்டு அது. பூவில் இருப்பதும் பாசியில் இருப்பதும் மண்ணில் இருப்பதும் கூரையில் இருந்த அதே சரக்குதான். ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்ததை அவர் இப்போது பல்லக்கில் ஏற்றி, இசை வாசித்து அழைத்து வந்திருக்கிறார். அதுவும் தொமிங்காஸிடம் ஒரு வெள்ளை அணுகூட இல்லாத வாரத்தில்.

"கதவைச் சாத்திடு சுலெய்டி."

"பொறியாளர்கிட்ட சாவி இருக்கு. குறுக்க நின்னா எம்மேல ஏறி வருவாங்க, அழுதுக்கிட்டே. நீங்கதானே கூப்பிட்டீங்க, நீங்களே போய் வேண்டாம்னு சொல்லுங்க."

போனார். டாக்டர் எர்குலானோ புதுக் கோட் போட்டுக்கொண்டு நின்றார்.

"மாதாவை வர வேணாம்னு சொல்ற முதல் பெலேம்காரன் நீங்கதான் ஜுராந்திர்."

"பூவை மட்டும் எடுத்துட்டா…"

"நான் அழுதேன். படம் எடுத்தாங்க, வெளிய வந்துருச்சு. அந்த அழுகையைத் திரும்ப உள்ள போட்டுக்கச் சொல்றீங்களா? யோசிங்க. நம்ம ஆஸ்பத்திரியில பூஞ்சையே கிடையாது. அப்ப நம்ம ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்ட பூவுல மட்டும் எப்படி இருக்கும்?"

இதற்குப் பதில் ஜுராந்திரிடம் இருந்தது. வாய் வரைக்கும் வந்து, "சரிங்க டாக்டர்" என்று வெளியே போனது.

மழை பெய்து ஓய்ந்தது. பல்லக்கு தாழ்வாரச் சாரலில் நனைந்து இன்னும் கொழுத்திருந்தது. ஊர்வலம் புறப்பட்டது. வாசல், சிற்றாலயம், ஏறி இறங்கும் லிஃப்ட். மஜ்ஜை வார்டின் இரட்டைக் கதவுக்கு முன்னால் ஜுராந்திர் தனியாக நின்றார். ஓடிவிடலாமா என்று யோசித்தார். ஓடியிருப்பார், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வழியே நாலாம் அறைக் கட்டிலில் ஒரு துணி கட்டிய தலை தெரியாமல் இருந்திருந்தால். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்கையோடு நின்றால் ஊர்வலம் வந்ததும் அவை கைதட்டிவிடுமோ என்று பயந்து, அவற்றுக்குப் பழகிய ஒன்றை எடுத்து வந்திருந்தார். தட்டு.

எக்காளமும் முரசும் தாழ்வாரத்தில் திரும்பின. முன்னால் இயக்குநர், பக்கத்தில் பாதிரியார், பின்னால் ஆடி ஆடிப் பல்லக்கு, நடுவே சிறிய மாதா, புது அங்கியில், கதவை நேராகப் பார்த்தபடி. கதவுக்கும் பல்லக்குக்கும் நாலெட்டு இருக்கும்போது, வேறெதுவும் தோன்றாமல், ஜுராந்திர் தட்டை நெற்றி உயரத்துக்குத் தூக்கினார்.

ஊர்வலம் நின்றது.

எக்காளம் பாதிச் சுரத்தில் நின்றது. பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் வார்டு ஊழியர்கள். ஒரு காலை எடுத்தவர்கள் எடுத்தபடியே நின்றார்கள். தாழ்வாரம் கடைசிவரை கன்னங்கள் உப்பின. டாக்டர் எர்குலானோவின் கன்னங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியவை. வருடக்கணக்கில் அவரே பழக்கிய கன்னங்கள், அவரைக் கேட்காமலே உப்பிவிட்டன. வெளியாளான பாதிரியார் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, இது இங்கே உள்ள ஏதோ பக்திமுறை என்று நினைத்து அவரும் தலைகுனிந்தார்.

ஜுராந்திர் மூடியைத் திறந்து பூக்களுக்குக் கீழே தட்டை நீட்டினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தட்டு திறந்திருக்கும்வரை இந்த மருத்துவமனையில் யாரும் பேச முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொல்வதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. இயக்குநரின் முகம் சிவந்து, தக்காளியாகி, கத்திரிக்காயை நோக்கிப் போனது. ஜுராந்திர் இரக்கமுள்ளவர். மூடினார். "நன்றி" என்று அவரே சொன்னார்.

தாழ்வாரம் முழுக்க ஒரே பெருமூச்சு.

"விதிப்படி தட்டு திறந்தாச்சு," என்றார் ஜுராந்திர். பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்துக் கதவுக் கைப்பிடியில் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. "முடிவு வர்ற வரைக்கும் யாரும் தாண்டக் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும் மகனே?" என்றார் பாதிரியார்.

"ஒரு வாரம், ஃபாதர்."

இயக்குநர் வாய் திறந்தார். மூச்சு இன்னும் முழுசாகத் திரும்பாததால் சத்தம் வரவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாதாவை வாசலில் நிறுத்திவிட்டானாம், யாருடா இவன், எந்த ஊர்க்காரன். பல்லக்கு ஒரு அடி முன்னால் வந்தது. ஜுராந்திர் நாடாவுக்கு முன்னால் தொப்பையை வைத்தார். வைப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

அப்போது கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. சுலெய்டி உள்ளே போய், தொமிங்காஸின் கையில் பேசுகருவியைக் கொடுத்திருந்தாள்.

"தாயே," என்றது மெலிந்த குரல், "வந்ததே போதும். உள்ள வராதீங்க. நீங்க இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகணும். என்கிட்டேருந்து எதையாவது ஒட்டிக்கிட்டுப் போயிடாதீங்க."

யாரும் தட்டைத் தூக்காமலே தாழ்வாரம் மூச்சை அடக்கியது. பாதிரியார் மாதாவைப் பூக்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். உள்ளே துணி கட்டிய தலை குனிந்தது. பிறகு ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது.

"அந்தக் குண்டனைத் திட்டாதீங்க. பயந்தவன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். டாக்டர் எர்குலானோவுக்கு மூச்சு திரும்பியது. காமெராக்களைப் பார்த்ததும் குரலும் திரும்பியது.

"பார்த்தீங்களா, எங்க குழு மாதாவுக்கே விதிவிலக்கு குடுக்கறதில்ல. காலையிலேருந்து நான் இதைத்தான் இவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்."

தாழ்வாரம் கைதட்டியது. ஜுராந்திரும் தட்டினார். கை என்ன செய்யும் பாவம்.

ஒரு வாரம் கழித்துத் தட்டில் பச்சை, கறுப்பு, மஞ்சள், பஞ்சு வெள்ளை, எல்லாம் பூத்திருந்தது. குழு கூடிப் பார்த்தது. மறுக்க வழியில்லை. அறிவிப்பு ஊர்ப் பத்திரிகை முழுக்க வந்திருந்தது, மூச்சு அடக்கப்பட்டிருந்தது, நாடா கட்டப்பட்டிருந்தது. குழுவின் வரலாற்றில் விதிப்படி பிடிபட்ட முதல் பூஞ்சை.

"இது வாசலுக்கு வெளிய பிடிபட்டது," என்றார் இயக்குநர். "பூஞ்சைங்க உள்ள வரமுடியாம வெளிய நிக்குதுன்னா, உள்ள இல்லைங்கறதுக்கு இதைவிடச் சான்று வேணுமா?" அதையும் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

தொமிங்காஸின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மழைக்காலம் வலுக்கும் முன் அவள் வீட்டுக்குப் போனாள். போகும்போது ஜுராந்திரின் தொப்பையைத் தட்டி, "கதவா நின்னதுக்கு வாடகை, ஒரு குடுவை இலவசம். கடை திறந்ததும் வா," என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் சுலெய்டி மறுபடியும் ஆய்வகத்துக்கு வந்தாள். அவரை ஆறாம் அறைக்கு அழைத்துப்போய்க் கூரையைக் காட்டினாள். கறை இன்னும் சின்னத் தீவுதான். கீழே ஒரு இளம்பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜுராந்திர் அண்ணாந்து பார்த்தார். தட்டு எடுக்கப் போகவில்லை.

"அடுத்தது யாரு வர்றாங்க?"

"டிசம்பர்ல பிரகான்சா ஊர்லேருந்து புனிதர் பெனெதித்தோ வருவாரு."

"பூவா?"

"பூ இல்ல. கூட வர்ற பொம்பளைங்க தொப்பி நிறைய இறகும் ரிப்பனும்."

"பரவாயில்ல," என்றார் ஜுராந்திர். "ஆறாம் ரூம் வழியா வரச் சொல்லுவோம், வாசல்லயே நிறுத்திக்கலாம்."